இலியா மெச்னிகாவ்: உடலின் காவற்படையைக் கண்டவர்

காலில் முள் தைத்தால் அவ்விடம் சிவந்து, வீங்கி, நொந்து, ஓரிரு நாளிற் சீழ் கொள்வதை நாம் யாவரும் சிறு பிராயம் முதலே அறிவோம். சீழைக் கண்டு முகஞ் சுளித்துக் கழுவித் துடைத்துவிட்டு, அதனை மறந்தும் விடுவோம். ஆயின் நாம் அருவருத்து ஒதுக்கும் அச்சீழின் ஒவ்வொரு துளியும், நம்மைக் காக்கும் பொருட்டுப் போர் புரிந்து மடிந்த எண்ணிறந்த உயிரணுக்களின் குவியலாகும். இவ்வுண்மையை ஐயந்திரிபறக் கண்டு, உலகம் அதனை ஏற்கும் வரையில் கால் நூற்றாண்டு ஓயாது வாதாடிய பெரியார் இலியா மெச்னிகாவ் என்பவர்.

நோய்க்குக் காரணம் கிருமிகளே என்று நிலைநாட்டிய பாஸ்டியர், காக் என்னும் இருவர் பெயரையும் நம் மாணவர் நன்கறிவர். அக்கிருமிகள் நீரிலும் காற்றிலும் உணவிலும் நிறைந்திருக்க, மக்கள் அனைவரும் அன்றன்றே மடியாமல் உயிர் வாழ்வது எங்ஙனம் என்னும் வினாவிற்கு விடை தேடியவர் மெச்னிகாவ். அவருடைய வாழ்க்கையை இங்குச் சுருங்கக் கூறப் புகுகின்றோம். இஃது ஓர் ஆராய்ச்சியின் வரலாறு மட்டுமன்று. வாழ்வை வெறுத்த ஒருவர் வாழ்வை விரும்பக் கற்ற வரலாறுமாகும்.

பிறப்பும் கல்வியும்

மெச்னிகாவ் 1845-ஆம் ஆண்டு மே மாதத்தில், அந்நாளில் ருஷ்யப் பேரரசைச் சார்ந்திருந்ததும் இந்நாளில் உக்ரேன் நாட்டில் உள்ளதுமான கார்கோவ் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றிற் பிறந்தார். தந்தையார் அரசரின் காவற்படையில் அலுவல் புரிந்த நிலக்கிழார். மக்கள் ஐவருள் இலியாவே கடைக்குட்டி. ஓரிடத்தில் ஒரு நாழிகையேனும் அமர்ந்திராத துடுக்குப் பிள்ளையாதலின், வீட்டார் அவரைப் பாதரசம் என்று செல்லப்பெயரிட்டு அழைத்தனர். தமையனார் ஒருவருக்குப் பாடஞ் சொல்ல வந்த மாணவர், மரஞ்செடி கொடிகளின் இயல்பை ஆராய்வதில் விருப்புடையவர். அவரோடு வெளியிற் சுற்றித் திரிந்த சிறுவனுக்கும் அவ்விருப்பம் தீப்போற் பற்றிக்கொண்டது. தான் கண்டறிந்தவற்றை அண்டை அயற் சிறுவர்க்கு விரிவுரையாற்றத் தொடங்கினான். கேட்போர் எழுந்து ஓடிவிடாதிருக்கத் தன் கைக்காசையே அவர்க்குக் கொடுத்தான் என்பர். பொருள் பெற்றுக் கற்பிக்கும் ஆசிரியரையே கண்டு பழகிய நமக்குப் பொருள் கொடுத்துக் கற்பித்த இவ்வாசிரியன் புதுமையாகத் தோன்றுகின்றான் அன்றோ?

1862-இல் பள்ளிப்படிப்பைப் பொற்பதக்கத்தோடு முடித்த மெச்னிகாவ், உயிர்நூல் கற்கும் ஆவலால் ஜெர்மனியிலுள்ள வூர்ஸ்பர்க் நகரை அடைந்தார். அங்கே வகுப்புக்கள் தொடங்க இன்னும் சில வாரங்கள் இருந்தன. தனிமையும் அயல்நாட்டின் புதுமையும் வருத்த, பதினேழு வயதினரான அவர் பொறுக்கமாட்டாது ஊர் திரும்பினார். திரும்புங்கால் அவரிடமிருந்த நூல்களுள் ஒன்று, உயிரினங்களின் தோற்றத்தைப் பற்றி டார்வின் எழுதியது. பயணம் வீணாயிற்று, நூல் வீணாகவில்லை. எல்லா உயிர்களும் ஒரு குடும்பத்தைச் சார்ந்தவை என்னும் அந்நூலின் கருத்து அவர் வாழ்நாள் முழுவதும் அவருக்கு வழிகாட்டியது. புழுவிலும் மீனிலும் கண்ட ஒன்றை மனிதனிலும் தேடும் துணிவு அவருக்கு அதனாலேயே பிறந்தது.

கார்கோவ் சர்வகலாசாலையின் நான்காண்டுப் படிப்பை இரண்டே ஆண்டில் முடித்து, 1864-இல் மீண்டும் அயல்நாடு சென்றார். 1865-இல் கீஸன் நகரில் தட்டைப்புழு ஒன்றனை ஆராய்ந்தபொழுது ஒரு விந்தையைக் கண்டார். அப்புழுவின் குடலிலுள்ள உயிரணுக்கள் உணவுத் துணுக்குகளைத் தாமே தழுவி உள்ளிழுத்துத் தம்முள்ளேயே செரித்துக்கொண்டன. நமக்கோ இரைப்பையும் குடலும் உணவைக் கரைத்துத் தர, உயிரணுக்கள் கரைந்ததை உறிஞ்சுகின்றன. அத்தாழ்ந்த உயிரிலோ ஒவ்வோர் அணுவும் தானே வாயும் வயிறுமாய் அமைந்திருந்தது. அந்நாளில் இது சிறு செய்தியாகவே தோன்றிற்று. ஆயினும் பதினேழாண்டு அவர் நெஞ்சின் ஒரு மூலையில் இக்காட்சி விதைபோற் கிடந்தது.

அவ்வாண்டிலேயே நேப்பிள்ஸ் நகரில் கவலேவ்ஸ்கி என்னும் மற்றொரு ருஷ்ய இளைஞரின் நட்பைப் பெற்றார். கடல்வாழ் சிற்றுயிர்கள் கருவில் வளரும் முறையை இருவரும் ஆராய்ந்தனர். அவ்வாராய்ச்சிக்காக 1867-இல் பேயர் பரிசு இருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பெற்றது. அப்பொழுது மெச்னிகாவுக்கு வயது இருபத்திரண்டு.

துயரமும் தெளிவும்

புகழ் விரைந்து வந்ததுபோலவே துன்பமும் விரைந்து வந்தது. 1869-இல் லுட்மிலா என்னும் நங்கையை அவர் மணந்தார். மணமகள் அப்பொழுதே நுரையீரல் நோயால் மெலிந்து, நடக்கவும் இயலாதவராய், நாற்காலியில் வைத்து மணவறைக்குத் தூக்கிக் கொண்டுவரப்பட்டார். அந்நோய் க்ஷயரோகம். குளிர் மிகுந்த ருஷ்யாவினின்று அவரை வெப்ப நாடுகளுக்கு அழைத்துச் சென்றும், கையிலிருந்த பொருளையெல்லாம் செலவிட்டும், இரவெல்லாம் மொழிபெயர்ப்பு வேலை செய்து பொருளீட்டியும் கணவர் நான்காண்டு போராடினார். மருத்துவம் கையற்று நின்றது. 1873-இல் மடீரா தீவில் லுட்மிலா காலமானார்.

கண் நோயால் பெருக்குக் கண்ணாடியை அணுகவும் மாட்டாதிருந்த மெச்னிகாவ், துணையும் தொழிலும் ஒருங்கே இழந்தவராய், வாழ்வு பொருளற்றதென்று எண்ணித் தம் உயிரைப் போக்கிக்கொள்ளவும் முனைந்தார். நற்பேறாக உயிர் பிழைத்தார். அந்நிலையில் ஒரு விளக்கைச் சுற்றிப் பறந்த சிறு பூச்சிக் கூட்டம் அவர் கண்ணிற் பட்டது. சில நாளே வாழ்ந்து, உணவும் உண்ணாது மடியும் இத்தகைய பூச்சிகளுக்கு டார்வின் கூறிய இயற்கைத் தேர்வு எங்ஙனம் பொருந்தும் என்னும் ஐயம் அவர் உள்ளத்தில் எழுந்தது. அவ்வோர் ஐயமே அவரை மீண்டும் கல்வியின்பால் ஈர்த்தது. வினா ஒன்று உள்ளத்தில் உயிரோடிருக்கும் வரையில் மனிதன் வாழ்வைக் கைவிடுவதில்லை போலும்!

அவர் 1870 முதல் ஒடெஸா நகரச் சர்வகலாசாலையில் விலங்குநூற் பேராசிரியராயிருந்தார். 1875-இல் ஓல்கா என்னும் நங்கையை மணந்தார். அவ்வம்மையார் இறுதிவரை ஆராய்ச்சியிலும் உற்ற துணையாயிருந்து, கணவர் மறைந்த பின் அவர் வரலாற்றையும் எழுதினார். 1880-இல் ஓல்காவைக் கடுஞ்சுரம் பற்றியது. அவர் பிழைத்தெழுந்தாராயினும், கலாசாலைப் பூசல்களாலும் உடல் நலிவாலும் மனமுடைந்திருந்த மெச்னிகாவ், 1881-இல் மறித்து வரும் சுரமுடையார் ஒருவரின் இரத்தத்தைத் தம் உடலிற் செலுத்திக்கொண்டார். அந்நோய் இரத்தத்தின் வழியே பரவுமா என்று சோதிப்பது ஒரு நோக்கம். வாழ்வில் வெறுப்பு மற்றொன்று. நோய் கடுமையாக வருத்திற்று. ஆயினும் அவர் பிழைத்தார். பிழைத்தெழுந்தபின், முன் எப்பொழுதும் அறியாத வாழ்வாசை தம்முள் ஊறுவதை உணர்ந்தார். 1881-இல் ருஷ்ய மன்னர் கொலையுண்டதன் பின் கலாசாலைகளில் குழப்பம் மிகவே, 1882-இல் பதவியைத் துறந்து, மனைவியையும் மனைவியின் உடன்பிறந்த சிறாரையும் அழைத்துக்கொண்டு சிஸிலித் தீவின் மெஸீனா நகருக்குச் சென்றார்.

மெஸீனாக் கடற்கரையில்

அங்கே கடலை நோக்கிய வீட்டின் ஓர் அறையே அவருடைய ஆராய்ச்சிச்சாலையாயிற்று. ஒருநாள் வீட்டார் அனைவரும் வித்தைக் குரங்குகளைக் காண சர்க்கஸ் கொட்டகைக்குச் சென்றிருந்தனர். மெச்னிகாவ் தனியே இருந்து கடல் நட்சத்திரத்தின் இளங்குஞ்சைப் பெருக்குக் கண்ணாடியின் வழியே நோக்கிக்கொண்டிருந்தார். அக்குஞ்சு கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் உடலுடையது. அதனுள்ளே சில உயிரணுக்கள் ஓரிடத்தில் நில்லாது ஊர்ந்து திரிவதைக் கண்டார். பழைய தட்டைப்புழுவின் நினைவு வந்தது. உணவைத் தழுவி விழுங்கும் அணுக்கள், உடலுட் புகுந்த பகைப்பொருளையும் ஏன் தழுவி விழுங்கலாகாது? அவ்வாறாயின் முள் தைத்த இடத்திற் கூடும் வெள்ளணுக்கள் பகைவரை எதிர்க்கத் திரண்ட காவலர் அல்லவோ?

எண்ணம் தோன்றியவுடன் அவர் அறையில் உலாவலானார். கடற்கரைக்கும் சென்று மீண்டார். பின் தோட்டத்து ரோஜாச் செடியின் முட்கள் சிலவற்றை எடுத்து, அவ்விளங்குஞ்சுகளின் தோலின் கீழே மெல்லச் செருகி வைத்தார். அன்றிரவு அவருக்கு உறக்கமில்லை. விடியற்காலையில் வந்து நோக்க, ஊர்ந்து திரிந்த அணுக்களெல்லாம் முள்ளைச் சூழ்ந்து நெருங்கிப் பற்றிக்கொண்டிருந்தன.

இதன் அருமையை நாம் சற்று ஆராய்வோம். முள் தைத்தால் இரத்தக் குழாய்கள் விரிவடைகின்றன என்றும், வீக்கம் அக்குழாய்களின் கேட்டால் விளைவதென்றும் அக்கால மருத்துவர் பலர் கருதினர். குழாயினின்று வெளிவரும் வெள்ளணுக்கள் கிருமிகளை உடலெங்கும் சுமந்து செல்லும் வாகனங்களே என்று கூறினாரும் உளர். ஆயின் கடல் நட்சத்திரக் குஞ்சுக்கோ இரத்தக் குழாயே இல்லை. குழாயின்றியும் அணுக்கள் கூடின. ஏவுவார் இன்றியும் பகையை நாடிச் சென்றன. எனவே வீக்கம் என்பது நோயன்று. நோயை எதிர்க்கும் முயற்சியே என்பது புலனாயிற்று.

அக்காலத்து மருத்துவ மேதையாகிய விர்ச்சோ 1883-இல் மெஸீனாவுக்கு வந்தபொழுது இக்கருத்தைக் கேட்டு ஊக்கமளித்தார். வியன்னாவில் கிளாஸ் என்னும் பேராசிரியர் இவ்வணுக்களுக்குப் பாகோஸைட் என்னும் கிரேக்கப் பெயரைத் தேடிக் கொடுத்தார். உண்ணும் அணு என்பது அதன் பொருள். நாம் அதனை விழுங்கணு என்று வழங்குவோம். 1884-இல் மெச்னிகாவ் மற்றுமொரு சான்று காட்டினார். குளத்து நீரில் வாழும் தெள்ளுப் போன்ற சிற்றுயிரை ஒருவகைக் காளான் பற்றுகின்றது. ஊசி போன்ற அதன் வித்துக்கள் குடலைத் துளைத்து உட்புகும்பொழுது விழுங்கணுக்கள் அவற்றைச் சூழ்ந்து அழிக்கின்றன. அவை வென்றால் அவ்வுயிர் பிழைக்கின்றது; வித்துக்கள் முளைத்துப் பெருகினால் அது மடிகின்றது. உயிரும் சாவும் அணுவோடு அணு மோதுமிடத்திலேயே தீர்மானமாவதை அவர் நேரிற் கண்டார்.

பாரிஸ் நகரில்

1886-இல் ஒடெஸாவில் கிருமி ஆராய்ச்சிச் சாலை ஒன்று நிறுவப்பெற, மெச்னிகாவ் அதன் தலைவரானார். அதிகாரிகளின் தடையும் மருத்துவரின் பகைமையும் மிகுதியாகவே, 1888-இல் அதனை விடுத்துப் பாஸ்டியரை நாடிச் சென்றார். பாஸ்டியர் அவரை அன்போடு வரவேற்றுத் தம் புதிய நிலையத்தில் இடமளித்தார். அன்றுமுதல் இருபத்தெட்டாண்டு அந்நிலையமே அவர் இல்லமாயிற்று. ஒடெஸாவில் அவரிடம் பயின்ற ஹாப்கின் என்பவரும் பின்னர் அங்கு வந்து சேர்ந்தார். 1894-இல் கல்கத்தாவில் வாந்திபேதிக்கும், 1897-இல் பம்பாயில் கொள்ளைநோய்க்கும் தடுப்பு மருந்து குத்திய ஹாப்கின் இவரே என்பதை நம் நாட்டினர் நன்றியோடு நினைத்தல் தகும்.

பாரிஸில் மெச்னிகாவுக்கு அமைதி கிட்டிற்று, ஓய்வு கிட்டவில்லை. 1890-இல் காக் என்பாரின் ஆராய்ச்சிச்சாலையைச் சார்ந்த பேரிங், கிடஸாடோ என்னும் இருவர், நோயினின்று தப்பிய விலங்கின் இரத்தத் தெளிநீர் நோயின் நஞ்சை முறிக்கும் என்று காட்டினர். அணு ஒன்றும் இல்லாத தெளிநீரே காக்குமாயின், விழுங்கணுக்களுக்கு வேலை யாது? 1894-இல் பைபர் என்பவர் வாந்திபேதிக் கிருமிகள் விலங்கின் வயிற்றறையில் அணுக்களின் துணையின்றியே கரைந்து போவதைக் காட்டினார். ஜெர்மானியர் தெளிநீரே காவல் என்றனர். மெச்னிகாவும் அவருடைய மாணவரும் அணுக்களே காவல் என்றனர். மாநாட்டுக்கு மாநாடு சொற்போர் மூண்டது. மெச்னிகாவ் எதிரியின் ஒவ்வொரு சோதனைக்கும் எதிர்ச் சோதனை செய்தார்.

ஆர்வம் சிலவேளை அறிவைக் கடந்து செல்லும். 1892-இல் அவர் வாந்திபேதிக் கிருமிகளைத் தாமே பருகிச் சோதித்தார். அவருக்கு ஒரு தீங்கும் நேரவில்லை. ஆயின் தாமாகவே முன்வந்து பருகிய பிறருள் ஒருவர் கடுநோய்க்கு ஆளாகி அரிதிற் பிழைத்தார். அவ்வாறு செய்தலை இக்கால மருத்துவ அறம் ஒருபோதும் ஒப்பாது. நாமும் அதனைப் புகழமாட்டோம்.

இருதிறத்தாரையும் இணைக்கும் பாலம் சிறிது சிறிதாகவே எழுந்தது. 1895-இல் மெச்னிகாவின் ஆராய்ச்சிச்சாலையிலேயே பணியாற்றிய போர்டே என்பவர், தெளிநீரின் ஆற்றல் இரு பொருள்களின் கூட்டுறவால் விளைவதென்று காட்டினார். மாணவரின் உண்மை ஆசிரியரின் கட்சிக்கு முரணாயிருந்தும், ஆசிரியரின் கூடத்திலிருந்தே அது வெளிவந்தது. 1903-இல் இங்கிலாந்தில் ரைட் என்பவர், தெளிநீரிலுள்ள சில பொருள்கள் கிருமியின் மேற் படிந்தபின் விழுங்கணுக்கள் அதனை மிக விரைவில் விழுங்குகின்றன என்று கண்டார். உப்பும் புளியும் சேர்த்துப் பக்குவம் செய்த பின்னரே உணவை நாம் விரும்பி உண்கின்றோம். தெளிநீர் செய்வதும் அத்தகைய பக்குவமே. ஆகவே தெளிநீரும் அணுவும் பகைவரல்லர். ஒரே அடுக்களையில் வேலை செய்யும் இருவரே.

1908-ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசு, அணுக்கட்சியின் தலைவராகிய மெச்னிகாவுக்கும், தெளிநீர்க் கட்சியின் பெரும் புலவராகிய எர்லிக்குக்கும் ஒருங்கே வழங்கப்பெற்றது. அத்தீர்ப்பு எத்துணை நேரியது என்பது பின்வந்தோர்க்கே முழுதும் விளங்கியது.

முதுமையும் முடிவும்

பிற்காலத்தில் மெச்னிகாவின் கருத்து முதுமையின்பாற் சென்றது. பெருங்குடலிற் பெருகும் கிருமிகளின் நஞ்சே முதுமையை விரைவிற் கொணர்கின்றது என்று எண்ணி, புளித்த பாலை நாள்தோறும் பருகினார். பிறரும் பருகுமாறு கூறினார். இக்கருத்தில் அவர் அளவு கடந்து சென்றார் என்பதே இன்றைய அறிஞர் முடிபு. ஆயினும் குடலிற் குடியிருக்கும் கிருமிகள் உடல்நலத்தோடு நெருங்கிய தொடர்புடையன என்பதை இன்று எவரும் மறுப்பதில்லை. 1907-இல் அவர் வெளியிட்ட நூலொன்று வாழ்வில் நம்பிக்கை கொள்வாரின் நூலாகவே அமைந்தது. இளமையில் இருமுறை வாழ்வை வெறுத்தவர், அறுபது கடந்தபின் நீண்ட நாள் வாழ்தலே நன்றென்று உலகிற்கு எடுத்துரைத்தார். உடலின் உள்ளே, ஒருவர் உறங்கும்பொழுதும் மனந்தளர்ந்த பொழுதும், அவர் வாழ்வதற்காகப் பாடுபடும் எண்ணற்ற அணுக்களை நாள்தோறும் கண்டிருந்தவர்க்கு மனம் மாறியது வியப்பன்று.

1914-இல் மூண்ட பெரும்போர் அவர் நெஞ்சை உடைத்தது. நிலையத்து இளைஞர் போர்க்களம் சென்றனர், ஆராய்ச்சி நின்றது. இதயநோயால் நலிந்து, பாஸ்டியர் வாழ்ந்த அந்நிலையத்திலேயே 1916-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், தம் எழுபத்தோராம் வயதில் அவர் உயிர் நீத்தார். அவருடைய உடற்சாம்பலைத் தாங்கிய கலசம் அந்நிலையத்து நூல்நிலையத்தில் வைக்கப்பெற்றது.

அவருக்குப் பின்

மெச்னிகாவ் கண்டது அணு பகையைத் தீண்டுவதும் தழுவுவதும் விழுங்குவதுமே. விழுங்கியபின் நிகழ்வது யாது என்பதை அவர் காணவில்லை. அதனைக் கண்டவர் பின்னோர்.

காலிற் புண் உண்டானால் தொடையிடுக்கில் நெறி கட்டுவதை நாம் அறிவோம். புண் ஓரிடம், கட்டி வேறோரிடம், இஃது ஏன்? 1973-இல் நியூயார்க் நகரத்து ராக்பெல்லர் சர்வகலாசாலையில் ஸ்டெய்ன்மன், கோன் என்னும் இருவர் கிளைகள் விரித்த ஒருவகை அணுவைக் கண்டனர். புண்ணில் பகைக்கிருமியை விழுங்கிய இக்கிளையணு, அதனைத் துணுக்குகளாக்கி, அத்துணுக்குகளைத் தன் மேற்புறத்தில் ஏந்திக்கொண்டு நெறி கட்டும் கணுவிற்கு ஊர்ந்து செல்கின்றது. அங்கே டி அணுக்கள் என்னும் வெள்ளணுக்கள் திரண்டுள்ளன. அவற்றுள் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட துணுக்கை மட்டுமே அறிய வல்லது. அவை கிளையணுவை ஒன்றன்பின் ஒன்றாகத் தீண்டிப் பார்க்கின்றன. பொருந்தாதவை விலகிச் செல்லும். பொருந்தியது ஒட்டிக்கொண்டு, பல்லாயிரமாகப் பெருகும். அக்கணு வீங்குவது இதனாலேயே. எனவே மெச்னிகாவ் உணவென்று கண்டது உணவு மட்டுமன்று, ஓலையும் ஆகும். உண்டவனே தூதனுமாகின்றான். ஸ்டெய்ன்மனுக்கு 2011-இல் நோபெல் பரிசு அறிவிக்கப்பெற்றபொழுது அவர் இறந்து மூன்று நாட்களாகியிருந்தன.

இத்தீண்டல் கண்டபடி நிகழ்வதன்று. டி அணு பகைத்துணுக்கை மட்டும் கண்டு கிளர்வதில்லை. அத்துணுக்கைத் தன் உடலுக்கே உரிய ஏந்துதட்டில் வைத்துக் காட்டினால் மட்டுமே அறியும் என்பதை ஜிங்கர்நாகல், டோஹெர்ட்டி என்னும் இருவர் ஆஸ்திரேலியாவில் 1974-இல் வெளியிட்டு, 1996-இல் நோபெல் பரிசு பெற்றனர். துணுக்கு பொருந்தினும், கிளையணு இரண்டாவதாக ஓர் இசைவுக் குறி காட்டினாலன்றி டி அணு செயலிற் புகாது; குறியின்றித் தீண்டப்பெற்றால் செயலற்று அடங்கிவிடும். சொந்த உடலையே பகையென்று எண்ணித் தாக்காதிருக்க அமைந்த காப்பு இது. 1998-இலும் 1999-இலும் குப்பர், டஸ்டின் முதலானோர் இரு அணுக்கள் சேருமிடத்தைப் படம்பிடித்துக் காட்டினர். துணுக்கை அறியும் உறுப்புக்கள் நடுவிலே குழுமி நிற்க, ஒட்டவைக்கும் பசை போன்ற பொருள்கள் அவற்றைச் சுற்றி வளையமாக அமைகின்றன. நரம்பும் நரம்பும் சேருமிடத்திற்கு வழங்கும் ஸினாப்ஸ் என்னும் பெயரையே இதற்கும் இட்டனர்.

டி அணுக்களுட் கொல்லும் தொழிலுடையவை, நோய் புகுந்த அணுவோடு இவ்வாறே நெருங்கி ஒட்டி, அவ்விடைவெளியிலேயே தம் நஞ்சைச் சொரிகின்றன. வளையம் சுற்றி அடைத்திருத்தலின் பக்கத்திலுள்ள குற்றமற்ற அணுக்கள் பெரிதும் தப்புகின்றன. தீண்டிப் போரை நிறுத்தும் குறிகளும் உள. அவ்வடக்கக் குறியைப் புற்றுநோய் அணுக்கள் தாமும் அணிந்துகொண்டு காவலரை ஏமாற்றுகின்றன. அக்குறிகளை மறைத்துக் காவலரை மீண்டும் எழுப்பும் வழியைக் கண்ட அலிஸன், ஹோஞ்சோ என்பார் 2018-இல் நோபெல் பரிசு பெற்றனர். அணுவும் அணுவும் தீண்டிப் பேசும் பேச்சை அறிந்ததன் பயனாக, முன்னே கைவிடப்பட்டிருக்கக் கூடிய நோயாளர் பலர் இன்று உயிர் வாழ்கின்றனர்.

இனி, லுட்மிலாவின் உயிரைக் கவர்ந்த க்ஷயரோகத்திற்கு வருவோம். மெஸீனாவில் மெச்னிகாவ் விழுங்கணுவைக் கண்ட அதே 1882-ஆம் ஆண்டின் மார்ச்சு மாதத்தில், காக் அந்நோயின் கிருமியைக் கண்டறிந்து பெர்லினில் அறிவித்திருந்தார். அக்கிருமி பிற கிருமிகளைப்போல் விழுங்கணுவிற்கு இரையாவதில்லை. விழுங்கப்பெற்றும் செரிக்கப்பெறாது, விழுங்கணுவின் உள்ளேயே குடியேறிப் பெருகுகின்றது. காவலனின் வீடே கள்வனின் உறைவிடமாகின்றது. விழுங்கணு தனித்து நின்று அதனை வெல்வது அரிது. ஆயின் அவ்விழுங்கணு தன்னுள் இருக்கும் கிருமியின் துணுக்கை மேலே ஏந்திக் காட்ட, அதனை அறிந்த டி அணு வந்து ஒட்டி, இண்டர்பெரான் காமா என்னும் ஒரு பொருளை அதன்மேற் சுரக்கின்றது. அத்தூது பெற்றவுடன் விழுங்கணு புத்தூக்கம் கொண்டு, முன்பு செரிக்க இயலாததைச் செரிக்கத் தொடங்குகின்றது. இத்தூதை ஏற்கும் உறுப்பின்றிப் பிறக்கும் குழந்தைகள் அவ்வினத்தின் மெலிந்த கிருமிகளாலும் கடுநோய்க்கு ஆளாவதை 1996-இல் மருத்துவர் கண்டறிந்தனர்.

இதனை எண்ணுந்தோறும் நம் நெஞ்சு நெகிழ்கின்றது. நான்காண்டு மனைவியின் படுக்கையருகே கையற்று நின்ற கணவர், அந்நோய் ஒளிந்திருந்த அணுவையே பின்னர் உலகிற்குக் காட்டினார். தாம் காட்டியது அதுவே என்பதன் முழுப்பொருளை அறியும் முன்னரே மறைந்தார். க்ஷயரோகம் இன்றும் உலகில் ஆண்டுதோறும் பத்து இலட்சம் பேருக்கு மேற்பட்டோரைக் கொல்கின்றது. அதற்கு மேலான தடுப்பு மருந்து தேடுவோர் இன்று ஆராய்வது, டி அணுவும் விழுங்கணுவும் சேரும் அந்நுண்ணிய இடத்தைத்தான்.

மெச்னிகாவின் வாழ்வினின்று நாம் கொள்ளத்தக்கவை இரண்டு என்போம். சிறு பிராணி ஒன்றிற் கண்ட சிறு காட்சியை அற்பமென்று தள்ளாது பதினேழாண்டு நெஞ்சிற் பேணிய பொறுமை ஒன்று. மற்றொன்று, அவரே முழுதும் கற்காது விட்ட பாடம். அணுவே காவல் என்று அவரும், தெளிநீரே காவல் என்று எதிர்க்கட்சியாரும் இருபதாண்டு வழக்காடினர். உடலோ அவ்வழக்கை ஒருநாளும் அறிந்ததில்லை. அதனுள் விழுங்கணு கிளையணுவையும், கிளையணு டி அணுவையும், டி அணு மீண்டும் விழுங்கணுவையும், தெளிநீர் இவை யாவற்றையும் துணைக்கொண்டே தொழில் புரிகின்றன. தனித்து நின்று காப்பது ஒன்றுமில்லை. கல்வித்துறையில் ஒன்றோடொன்று மாறுபட்டுத் தோன்றும் இரு கொள்கைகளை நாம் காணுங்கால், ஒன்றைப் பொய்யென்று தள்ளுமுன் அவை சேருமிடம் ஒன்று உண்டோ என்று தேடிப் பார்த்தல் நலம். அத்தேட்டத்தில் நம் மாணவரை ஊக்குதற்கு இப்பெரியாரின் வரலாறு பயன்படுமாக.